இலையும் வேரும் அழுகாமல் ஹவோர்த்தியா குட்டி எடுப்பது எப்படி?

மூன்று வருடங்களுக்கு முன் 1,800 ரூபாய் கொடுத்து ஒரு ஹவோர்த்தியா ட்ரங்கேட்டா வாங்கினேன். செடி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஒன்றைப் பத்தாக்கிவிடலாம் என்ற பேராசையில் ஏழு இலைகளைப் பிய்த்து, ஈரமான கோகோபீட்டில் செருகி, பிரியாணி டப்பாவால் மூடி வைத்தேன். அது மே மாதம், இருப்பது சென்னை. பத்தாம் நாள் திறந்தால் ஏழும் குழம்பில் வெந்த சின்ன வெங்காயம் மாதிரி கொழகொழத்துக் கிடந்தன. இலையைப் பறிகொடுத்த தாய்ச்செடியும் காயம் ஆறாமல் அடுத்த வாரமே போய்ச் சேர்ந்தது.

அதில் தப்பு ஒன்றல்ல, ஐந்தாறு. ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள எனக்கு இரண்டு குளிர்காலம் ஆனது. இப்போது பத்து இலை வைத்தால் ஆறேழு பிழைக்கின்றன, வேரில் பாதிக்குப் பாதி. உங்களுக்கு அந்த இரண்டு வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ட்ரங்கேட்டாவைப் பார்த்திராதவர்களுக்கு: இலைகள் விசிறி மாதிரி ஒரே வரிசையில் நிற்கும், நுனியைக் கத்தியால் சீவிவிட்டது போல் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டைப் பகுதி கண்ணாடி போல ஒளி ஊடுருவும். தென்னாப்பிரிக்காவின் லிட்டில் கரூ பகுதியில் செடி மண்ணுக்குள் புதைந்து, அந்த நுனி மட்டும் வெளியே தெரிய வாழ்கிறது. அங்கே இதற்குக் குதிரைப்பல் என்று பெயர். மண்ணுக்குள் செடியை இழுத்துப் பிடிப்பது அதன் தடித்த வேர்கள்தான், தண்ணீரைச் சேர்த்து வைப்பதும் அவைதான். அதனால்தான் வேரிலிருந்தே புதுச் செடி எடுக்க முடிகிறது.

1. முதலில் கையில் இருப்பது எது என்று பாருங்கள்

சக்குலன்ட் (ஹவோர்த்தியா மாதிரிச் சதைப்பற்றுள்ள செடி) என்றாலே இலையைப் போட்டால் முளைக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சின்ன வயதில் ரணகள்ளி இலையைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக் குட்டி போட வைத்த அனுபவம் காரணமாக இருக்கலாம். ரணகள்ளிக்கு இலை ஓரத்திலேயே குருத்து தயாராக இருக்கிறது, மற்ற செடிகளுக்கு அப்படி இல்லை.

இலையில் சுலபமாக வருபவை: காஸ்டீரியா, எச்செவேரியாவில் பல ரகங்கள், கிராப்டோபெட்டலம், மென்மையான இலை ஹவோர்த்தியாக்களில் கூப்பெரி. பொறுமையாக வருபவை: ட்ரங்கேட்டா, மௌகனி. இலையில் வரவே வராது என்று வைத்துக்கொள்ள வேண்டியவை: கற்றாழை, அகேவ், லித்தாப்ஸ், அடீனியம். கற்றாழை இலையை மண்ணில் நட்டுவிட்டு மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், அது அழுகத்தான் போகிறது.

வெள்ளை, மஞ்சள் வரி ஓடும் வரிகேட்டட் ரகங்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மஞ்சள் கரை போட்ட ஸ்நேக் பிளான்ட் இலையை வெட்டி வைத்தவர்களுக்குத் தெரியும், வரும் குட்டியில் கரை இருக்காது, முழுப் பச்சையாக வரும். வரி என்பது இரண்டு விதத் திசுக்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து இருப்பது. குட்டி எந்தத் திசுவிலிருந்து கிளம்புகிறதோ அதன் நிறத்தில்தான் பிறக்கும். வேரிலிருந்து எடுத்தால் வரி தொலைய வாய்ப்பு இன்னும் அதிகம். முழு வெள்ளையாக ஒரு குட்டி பிறந்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பச்சையம் இல்லாததால் தாயிலிருந்து பிரித்ததும் செத்துவிடும். ஆகவே விலை உயர்ந்த வரிகேட்டட் செடிதான் உங்கள் முதல் பரிசோதனை என்றால், தயவுசெய்து வேண்டாம். சாதாரணப் பச்சை காஸ்டீரியா ஒன்றை 100, 150 ரூபாய்க்கு வாங்கி அதில் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

2. மார்கழி பிறக்கும் வரை கத்தியை எடுக்காதீர்கள்

என் முதல் தோல்விக்கு மூல காரணம் மே மாதம். இந்தச் செடிகள் பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து மூச்சு விடுபவை. இரவும் புழுங்கினால் அவற்றின் வேலை ஓடாது, அப்படியே உறங்கிவிடும். உறங்கும் செடியில் காயம் ஆறாது, பூஞ்சைக்கு மட்டும் அந்தச் சூடும் ஈரமும் கொண்டாட்டம்.

சென்னை, கடலூர், நாகை மாதிரிக் கடலோர ஊர்களில் வடகிழக்குப் பருவமழை அடங்கியதும், டிசம்பர் நடுவில் ஆரம்பியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலேயே தண்ணீர் இருக்கும், வெட்டிய இடம் காயாது. மார்கழியில் வெட்டினால் மாசி முடிவதற்குள் வேர் பிடித்துவிடும். ஏப்ரல் வெயில் வரும்போது வேர் இல்லாத இலை தாங்காது, வேர் இருக்கும் இலை சுருங்கினாலும் கோடையைக் கடந்துவிடும். கணக்கு அவ்வளவுதான். கோவை, ஓசூர், பெங்களூருக்காரர்களுக்கு இந்தக் கவலை பாதிதான், ஆகஸ்டிலிருந்தே தொடங்கலாம். ஊட்டி, கொடைக்கானலில் தலைகீழ்: டிசம்பர் குளிரில் வேர் வராது, பங்குனிக்கு மேல் வையுங்கள்.

3. என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

தாய்ச்செடி விலையை விட்டுவிட்டால் எனக்கு மொத்தமாக 800 ரூபாய்க்குள் முடிந்தது. பெர்லைட்டும் பியூமிஸும் (இரண்டும் நீர் தேங்க விடாத லேசான எரிமலைக் கல் துகள்கள்) சேர்த்து 500 ரூபாய் போல, இரண்டு சீசனுக்கு வரும், சாஃப் என்ற பூஞ்சைக்கொல்லி சின்னப் பாக்கெட் 100 ரூபாய் சுமார், ஷேவிங் பிளேடு, ஸ்பிரிட், நான்கு அங்குலப் பிளாஸ்டிக் தொட்டிகள். தொட்டிக்குப் பதில் தயிர் டப்பாவில் ஓட்டை போட்டாலும் சரிதான்.

மண் கலவையில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். 'சக்குலன்ட் மிக்ஸ்' என்று பையில் விற்பதில் பெரும்பாலும் கோகோபீட்டும் மண்புழு உரமும்தான் இருக்கும். வேரே இல்லாத இலைக்கு உரம் எதற்கு? நான் பயன்படுத்துவது பாதி பெர்லைட், பாதி பியூமிஸ், வேறு எதுவும் இல்லை. பியூமிஸ் கிடைக்கவில்லையா, பழைய செங்கலை உடைத்து, சல்லடையில் சலித்து, மிளகு அளவுத் துண்டுகளை மட்டும் எடுத்துக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். செங்கலுக்குப் பதில் எம்-சாண்ட் என்றால், அதில் மாவு மாதிரித் தூசி நிறைய இருக்கும். கலங்கல் போகும் வரை கழுவாமல் போட்டால் சிமெண்ட் பூசினாற்போல் இறுகிவிடும்.

வேர் ஹார்மோன் பவுடர் வாங்கச் சொல்வார்கள். போட்டும் பார்த்தேன், போடாமலும் பார்த்தேன், ட்ரங்கேட்டாவில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் காசுக்கு ஒரு முழம் ஐம்பது சதவீத நிழல் வலை வாங்குங்கள்.

4. காகித வேலை: பெயர்ச்சீட்டு, பில், வெளிநாட்டுச் செடி

இதைப் படிக்காமல் தாண்டிப் போக நினைப்பீர்கள், போகாதீர்கள். சேகரிப்பாளர்கள் நடுவே ஒரு செடியின் விலையில் பாதி அதன் பெயருக்குத்தான். வரிகேட்டட் நீங்கலாக, இலையிலும் வேரிலும் எடுக்கும் குட்டி தாயின் நகல், அதனால் தாயின் ரகப் பெயரை அதற்கும் வைக்கலாம். விதையில் வந்ததற்கு வைக்கக் கூடாது. இந்த வித்தியாசத்தை மறைத்து, பெயர் பெற்ற ரகத்தின் விதை நாற்றை அந்த ரகத்தின் பெயரிலேயே விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கும்போதே "இது குட்டியா, நாற்றா, இலையில் வந்ததா?" என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் பில்லையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சீட்டு: தாயின் பெயர், வெட்டிய தேதி, இலையா வேரா. மார்க்கர் பேனாவில் எழுதினால் மாடி வெயிலில் ஆறு மாதத்தில் வெளுத்துப்போகும், சாதாரணப் பென்சிலில் எழுதினால் அப்படியே நிற்கும். இந்தப் பாடத்துக்கு நான் கொடுத்த விலை, பெயர் தெரியாமல் போன பதினோரு தொட்டிகள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ஆசைப்பட்டால், 2003-ஆம் ஆண்டு பிளான்ட் குவாரன்டைன் ஆணைப்படி இங்கே நீங்கள் வாங்க வேண்டிய இறக்குமதி அனுமதியும், செடியில் பூச்சி, நோய் இல்லை என்று அனுப்பும் நாட்டு அரசு கொடுக்கும் ஃபைட்டோசானிட்டரி சான்றிதழும் வேண்டும். வேரில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. கள்ளி வகைகளுக்கும், சோற்றுக் கற்றாழை நீங்கலான மற்ற கற்றாழை இனங்களுக்கும் சைட்டிஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) அனுமதியும் சேரும். "கிஃப்ட் என்று எழுதி அனுப்பிவிடுகிறேன், ஒன்றும் ஆகாது" என்று விற்பவர் சொல்வார். அவருக்கு ஒன்றும் ஆகாது, காசு வந்துவிட்டது. பிடித்து அழிப்பது உங்கள் செடியை. ஒரு செடிக்காக இந்த அலைச்சல் கட்டாது, உள்ளூரில் பெருக்கியதை வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவில் காட்டிலிருந்து சக்குலன்ட்களைத் திருடிப் பிடுங்கி விற்கும் கூட்டம் பெரிய தலைவலியாகியிருக்கிறது. ஒழுங்கற்ற வடிவில், தழும்பும் கறையுமாக, மலிவாக ஒரு பெரிய செடி வந்தால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

5. இலை எடுப்பது

இதில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்தால் போதும்: அடிச்சதை. இலை தண்டில் ஒட்டும் இடத்தில் வெளுத்த ஒரு பகுதி இருக்கும், குருத்து அங்கிருந்துதான் வரும். இலையைப் பாதியில் முறித்தால் வேர் வரும், சில சமயம் கற்றை கற்றையாகக்கூட வரும், ஆனால் குட்டி வராது. வேர் வந்துவிட்டதே என்று நீங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பீர்கள், இலையோ தான் உண்டு தன் வேர் உண்டு என்று கிடக்கும்.

வெட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே தாய்ச்செடிக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். இலை நீர் நிரம்பி விறைப்பாக இருந்தால் முறியும், கொஞ்சம் தளர்ந்திருந்தால் கழன்று வரும். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து மண்ணை உதறுங்கள், தொட்டியில் இருக்கும்போதே இழுத்துப் பார்க்காதீர்கள். வெளி வரிசையில் நன்றாக இருக்கும் இலையைத் தேர்ந்தெடுங்கள், காய்ந்துபோகும் கிழட்டு இலை வேண்டாம். விரலால் அடியைப் பிடித்து இடதும் வலதுமாக மெல்ல ஆட்டினால் 'டப்' என்று ஒரு உணர்வோடு விடும். விடவில்லையென்றால் ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால், தண்டில் ஒரு துளியும் சேர்ந்து வருகிற மாதிரி கீறி எடுங்கள். ஒரு செடியில் ஒரு தடவைக்கு இரண்டு இலை, மிஞ்சினால் மூன்று.

வெட்டுக்காயத்தில், தாய், இலை இரண்டுக்கும், சாஃப் பொடியைத் தூரிகையால் தொட்டு வையுங்கள் (கையுறை, முகமூடி கட்டாயம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், அது மருந்தல்ல விஷம்). அப்புறம் இலைகளைச் செய்தித்தாளில் பரப்பி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் ஏழிலிருந்து பத்து நாள் விட்டுவிடுங்கள். அடி, ஆறிய புண்ணின் பொருக்கு மாதிரிக் காய்ந்து இறுகியிருக்க வேண்டும். நகத்தால் தொட்டால் ஈரம் தெரிந்தால் இன்னும் மூன்று நாள். இலை சுருங்குகிறதே என்று பதறாதீர்கள், அதற்குள் மாதக்கணக்குத் தண்ணீர் இருக்கிறது.

பிறகு கலவையின் மேல் சாய்த்து வைத்து, அடி மட்டும் அரை சென்டிமீட்டர் புதையட்டும். ஒரு வாரம் கழித்து, தொட்டியின் ஓரமாகக் கலவை லேசாக நனைகிற அளவுக்குத் தண்ணீர். மூடி போட வேண்டாம். டப்பாவால் மூடச் சொல்கிற வீடியோக்கள் எல்லாம் காற்று வறண்ட ஊர்க்காரர்களுடையவை, கடலோரத்தில் நமக்குக் காற்றே ஈரத்துணிதான்.

6. வேர் எடுப்பது

தொட்டி மாற்றும் நேரம்தான் இதற்குச் சரியான நேரம், இதற்கென்று தனியாகச் செடியைக் கிளற வேண்டாம். பென்சில் தடிமனுக்கு, வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ, அழுத்தினால் விறைப்பாக இருக்கும் வேரைப் பாருங்கள். பழுப்பாக, உள்ளீடற்ற உறை மாதிரி இருந்தால் அது செத்த வேர், உதிர்த்துவிடுங்கள். நல்ல வேர் ஆறு இருந்தால் இரண்டு எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் தாய் ஒரு சீசன் முழுக்க மீளாது.

இங்கும் அதே அடிச்சதைதான். வேர் தண்டோடு சேரும் இடத்தில் ஒரு சிட்டிகைத் தண்டும் வருமாறு வெட்டுங்கள். வெறும் வேர்த்துண்டிலும் குருத்து வருவது உண்டு, ஆனால் மிகத் தாமதம், எனக்கு ஐந்தில் ஒன்றுதான் வந்தது. நீளம் ஐந்திலிருந்து எட்டு சென்டிமீட்டர் போதும்.

அடுத்த பொறி: மேல் எது, கீழ் எது? வேரைத் தலைகீழாக நட்டால் வராது. காய்ந்து சுருங்கிய பிறகு இரண்டு முனையும் ஒரே மாதிரி தெரியும். அதனால் வெட்டும்போதே மேல்முனையை நேராகவும் கீழ்முனையைச் சாய்வாகவும் வெட்டுங்கள், பழைய தோட்டக்காரர்களின் வழக்கம் இது. சாஃப் தொட்டு, ஒரு வாரம் நிழலில் காயவைத்து, செங்குத்தாக நடுங்கள். மேல்முனை மண்ணுக்கு வெளியே மூன்று, நான்கு மில்லிமீட்டர் தெரிய வேண்டும். முழுக்கப் புதைத்த வேர்களை நான் நான்கு மாதம் கழித்துத் தோண்டிப் பார்த்தபோது சேறுதான் இருந்தது.

7. இரண்டும் சரிவராதவர்களுக்கு: தலையை அறுப்பது

உண்மையைச் சொன்னால் ட்ரங்கேட்டாவில் நிச்சயமான வழி இதுதான், ஆனால் மனத் தைரியம் வேண்டும். நன்றாக வேர் பிடித்த செடியின் கீழ் இலைகளுக்கு நடுவே தூண்டில் நரம்பை நுழைத்து, குறுக்காகப் பிடித்து இரண்டு பக்கமும் இறுக்கி இழுத்தால் தண்டு கேக் மாதிரி அறுபடும். மேல் பாதியில் நான்கைந்து இலையாவது இருக்க வேண்டும். அதைப் பத்து நாள் காயவைத்து நட்டால் ஒன்றரை மாதத்தில் வேர் விடும். கீழ்ப் பாதியைத் தொடவே வேண்டாம். வேர் அசையாமல் அதே தொட்டியில் இருப்பதால் சத்து முழுக்க அதில் இருக்கும், வளர நுனி இல்லாததால் பக்கத்திலிருந்து இரண்டு, மூன்று, சமயத்தில் ஐந்து குட்டி தள்ளும். அறுத்த முகத்தில் பத்து நாளுக்குத் தண்ணீர் படக் கூடாது, மழைச்சாரலும்தான்.

8. காத்திருக்கும் மாதங்கள்

இலையில் வேர் நான்கிலிருந்து எட்டு வாரம், குட்டி மூன்றிலிருந்து ஆறு மாதம். வேரில் குருத்து இரண்டிலிருந்து ஆறு மாதம். குட்டி பூக்கும் அளவுக்கு வளர இரண்டு, மூன்று வருடம் பிடிக்கும். இந்தக் கணக்கில் இல்லாத ஒரு கோஷ்டி உண்டு: வேர் மட்டும் விட்டுவிட்டுச் சும்மா கிடக்கும் இலைகள். என்னிடம் ஒன்று பதினான்கு மாதமாக அப்படியே இருக்கிறது. தூக்கிப் போட மனசில்லை.

இந்தக் காலத்தில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய கெடுதல், வேர் வந்துவிட்டதா என்று தினம் தூக்கிப் பார்ப்பது. புது வேர் நூல் மாதிரி இருக்கும், ஒரு அசைப்பில் முறிந்துவிடும். தண்ணீர் பத்து நாளுக்கு ஒரு தடவை, குச்சியைச் செருகிப் பார்த்து ஈரம் ஒட்டவில்லை என்றால் மட்டும். ஏப்ரல், மே மாதங்களில் இன்னும் குறைத்து, மாலையில் கொஞ்சமாக. காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டால் போதும், மற்ற நேரம் நிழல் வலைக்குக் கீழே.

இலை அடியில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாகத் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. அந்தத் தொட்டியை உடனே தனியே எடுத்து வைத்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். வேரிலும் அதே வெள்ளை இருந்தால் கலவையைக் குப்பையில் கொட்டி, வேரைக் கழுவிக் காயவைத்துப் புதுக் கலவையில் வையுங்கள். அழுகல் ஆரம்பித்த இலையை மட்டும் காப்பாற்றப் பார்க்காதீர்கள், பக்கத்து இலைகளுக்கும் பரவும்.

9. பிரிப்பதும் அனுப்புவதும்

குட்டி இரண்டு சென்டிமீட்டர் ஆகி, தனக்கென்று இரண்டு வேராவது விட்ட பிறகுதான் பிரிக்க வேண்டும். தாய் இலை வற்றிக் காகிதம் மாதிரி ஆகியிருந்தால் தானே கழன்றுவிடும், பச்சையாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் பால் குடிக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். பிரித்ததும் மூன்று நாள் காயவைத்து நடுங்கள், உரம் அடுத்த மார்கழிக்கு.

உபரிக் குட்டிகளை மாற்றிக்கொள்ளவோ விற்கவோ செய்தால், மண்ணில்லாமல், வேரை டிஷ்யூவில் சுற்றி, செய்தித்தாளில் இறுக்கமாகப் பொதிந்து அட்டைப் பெட்டியில் அனுப்புங்கள். ஈரமாகச் சுற்றாதீர்கள், காய்ந்த நிலையில் ஒரு வாரம் தாங்கும், ஈரத்தில் மூன்று நாளில் அழுகும். திங்கள், செவ்வாயில் மட்டும் கூரியரில் போடுங்கள். வெள்ளிக்கிழமை போட்டால் சனி, ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு தகரக் கூரைக் குடோனில் வேகும். பெட்டிக்குள் பென்சிலில் எழுதிய பெயர்ச்சீட்டை வைக்க மறந்துவிடாதீர்கள், மேலே ஒட்டிய லேபிள் பெட்டியோடு குப்பைக்குப் போய்விடும்.